காணாமல் போன மூன்று அடி பத்து இன்ச்

ஜெபராஜ் சார் என் ஆபீஸுக்குள் வந்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

டேப்பைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன். வீட்டை மாற்றிக் கட்டிக்கொண்ட ஒருவர் கோபத்தோடு வந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். டீ வரவழைத்து, கதவு நிறத்தைக் குறை சொல்ல விட்டு, தச்சர் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடலாம். கோபமே இல்லாமல், டேப்போடு வருகிறவரை என்ன செய்வது?

"மேடம், எங்க வீட்டுப் பின் ரூம்ல மூணு அடி பத்து இன்ச் காணோம்" என்றார்.

சேலையூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். பதினோரு மணிக்குக் கீழே பஃப்ஸ் சுட்டு எடுப்பார்கள். அந்த வாசனை படியேறி வந்து, ஆபீஸில் இருக்கிற எல்லாரையும் வேலை செய்ய விடாமல் பண்ணும். அன்றைக்கும் வாசனை வந்தது. எனக்குப் பசிக்கவில்லை.

"காணோம்னா, எப்படி சார்?" என்றேன். இருபத்தைந்து வருஷமாக வீடுகளின் உள்ளறைகளை இடித்தும் கட்டியும் பிழைக்கிறவள் கேட்கிற கேள்வியா இது?

காரணம் உண்டு. அந்த மூன்று அடி பத்து இன்ச்சைத் திருடியவள் நான்தான். உடந்தை, என் தச்சர் ஏழுமலை. எங்களை ஏவிவிட்டவர், ஜெபராஜ் சாரின் மனைவி எஸ்தர் டீச்சர்.

பாஸ், ரிஜெக்ட்

ஜெபராஜ் சார் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவர். அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு திருகும் ஆணியும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். கையில் எடுப்பார், வெர்னியர் அளவுகோலை வைத்து அளப்பார், "பாஸ்" என்பார், அல்லது "ரிஜெக்ட்" என்பார். வேலை அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆன அன்று கம்பெனி கொடுத்த கடிகாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சொந்த வெர்னியரை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். இனி உலகத்தில் பரிசோதிக்க என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார். வீடு இருந்தது. வீட்டில் டீச்சர் இருந்தார்.

தோசை நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிசாகவும் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். குக்கரின் முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் இடைப்பட்ட நேரம் நாளுக்கு நாள் மாறுவதைக் குறித்து வைத்தார். கொடியில் துணி கிளிப்புகள் ஒரே இடைவெளியில் இல்லை என்று எடுத்துச் சொன்னார். திட்ட மாட்டார். மெதுவாக, மரியாதையாகத்தான் சொல்வார். அதுதான் கொடுமை. திட்டுகிற புருஷனோடு சண்டையாவது போடலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது டீச்சர்தான். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். தெருவில் காய்கறிக்காரர் முதல் பாஸ்டர் வரை எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'தான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"தோசையைக்கூட பொறுத்துப்பேன் ஷமீம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'எஸ்தர், என்ன பண்றே?'னு கேக்கறாரே, அதைத்தான் தாங்க முடியல" என்றார் ஒரு நாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கும் வைத்திருந்தார். கணக்கு டீச்சர் அல்லவா?

சாக்பீஸ் வீடு

இங்கே நான் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது.

என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, மேற்குத் தாம்பரத்தில் திரைத்துணிக் கடை. கல்லூரியில் படிக்கும்போது வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பது நான்தான். பெண்பிள்ளை என்பதால் படுக்கையறை வரைக்கும் விடுவார்கள். அப்படிப் போய்ப் போய் ஒன்று தெரிந்துகொண்டேன். ஹாலில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபா இருக்கும். வீட்டு ஜனம் மொத்தமும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். காகிதத்தில் வரைந்த வீட்டில் யாரும் வாழ்வதில்லை என்று அப்போதே எனக்குள் பதிந்துவிட்டது.

அதனால் நான் யாருக்கும் முதலில் கம்ப்யூட்டர் படம் காட்டுவதில்லை. வெறும் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துவிடுவேன். இது கட்டில், இது சோபா, இது அலமாரி, கதவு இவ்வளவு தூரம் திறக்கும். வீட்டுக்காரர்கள் ஒரு நாள் முழுக்க அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்க்க வேண்டும். சோபாவை மிதித்தால் நான் அதட்டுவேன். ஒரு வங்கி மேனேஜர் சாக்பீஸ் சோபாவை மிதித்துவிட்டு அதனிடமே "சாரி" சொன்னது உண்மை.

பொழிச்சலூரில் ஒரு குடும்பம் சாக்பீஸ் டைனிங் டேபிளுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தது. எல்லாருக்கும் அது பிடித்துப்போய், டைனிங் டேபிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேலே விமானம் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ரசத்துக்குப் போவார்கள்.

முடிச்சூரில் ஒரு வீட்டில் வேறு மாதிரி. பெருவெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வீடு அது. பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று அந்த அம்மா ஒரே பிடியாக நின்றார். சொன்னபடியே செய்துகொடுத்தேன். இன்றைக்கும் அந்த வீட்டில் போன் சார்ஜ் போட வேண்டுமென்றால், போனைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் நிற்கத்தான் வேண்டும். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. தண்ணீரைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஒரு திருச்சபையின் கூடத்தைச் சீரமைத்தபோது பாடகர் குழு மேடை கிழக்கில் வேண்டும் என்றது, வாலிபர் சங்கம் மேற்கில் வேண்டும் என்றது. மூன்று மாதம் கமிட்டி கூடியது. நான் மேடைக்கு அடியில் சக்கரம் வைத்துவிட்டேன். இப்போது யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பக்கம் மேடை. அந்தக் கூடத்தில் எல்லாரும் நேரத்துக்கு வருவதாகக் கேள்வி.

அந்தக் கூடத்தில்தான் எஸ்தர் டீச்சர் என்னைப் பிடித்தார்.

டீச்சர் போட்ட கோடு

கிழக்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் அவர்களுடையது. கட்டி முப்பது வருஷம் இருக்கும். அந்தக் காலத்து ஃபிளாட் என்பதால் அறைகள் தாராளம். பின் அறை மட்டும் பதினாறு அடி நீளம். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். வெளியே பக்கத்து வீட்டு முருங்கை மரம்.

வேலை முடியும் வரை இருவரும் அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் காலியாக இருந்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். அதனால் ஜெபராஜ் சார் காலை எட்டு மணிக்கு டேப்போடு மேலே வந்துவிடுவார். என் ஆட்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.

நான் சாக்பீஸ் வீடு வரைந்துகொண்டிருந்த அன்று சார் மின்வாரிய ஆபீஸுக்குப் போயிருந்தார். டீச்சர் பிளாஸ்க்கில் டீயோடு மேலே வந்தார். பின் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார்.

குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் இல்லை, நூல் இல்லை. கரும்பலகையில் எத்தனையோ முக்கோணம் போட்ட கை. நான் கோடு போட்டால் லேசாக வளையும். ஏழுமலை அதை வைத்தே என்னைக் கேலி செய்வான். டீச்சரின் கோடு இம்மியும் வளையவில்லை.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு வேணும் ஷமீம். ஜன்னலோட, கதவோட, உள் தாழ்ப்பாளோட. அவருக்குத் தெரியாம."

ஜெபம் பண்ணவா, தையல் மிஷினுக்கா என்று கேட்டேன். அங்கே என்ன பண்ணப் போகிறீர்கள் என்று கேட்காத ஒரு ஆளிடம் வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் என்னைத் தேடி வந்ததாகச் சொன்னார். இனி கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனால் சாரிடமே நேராகக் கேட்டுவிடலாமே என்றேன். சார் கெட்டவர் இல்லையே.

"கேட்டா சந்தோஷமா குடுத்துடுவார். அப்புறம் உள்ள காத்து வருதா, வெளிச்சம் போதுமான்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவார்" என்றார்.

கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டீச்சர் அவசரமாகச் செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்து அழித்தார். சார் மேலே வந்தபோது நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

பீரோவுக்குப் பின்னால் ஒரு வூடு

திட்டம் எளிமையானது. மேற்குப் பக்கம் சுவருக்குச் சுவர் ஒரு பெரிய அலமாரி. நான்கு கதவுகள். மூன்றைத் திறந்தால் துணிமணி. நான்காவதுக்குப் பூட்டு, சாவி டீச்சரிடம். திறந்தால் உள்ளே தட்டு எதுவும் கிடையாது. அப்படியே நடந்து அலமாரிக்குப் பின்னால் போய்விடலாம். அங்கே ஜன்னல், ஒரு சுவர் ஃபேன், ஒரு கை வைத்த நாற்காலி, ஒரு சின்னத் தட்டு.

அறை சின்னதாகிவிட்டது தெரியாமல் இருக்க நடுவில் உள்ள இரண்டு கதவுகளுக்கும் முழுக் கண்ணாடி போட்டோம். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற ஏமாற்றுதான் இது. கண்ணாடிக்குள் இன்னொரு அறை தெரியும். கண் நம்பிவிடும்.

சாரிடம் மேற்குச் சுவர் ஈரம் கசிந்து ஓதம் காக்கிறது, அலமாரியை ஒட்டி வைத்தால் பலகை உப்பிவிடும், அரை அடி தள்ளி வைக்கிறேன், ஜன்னலையும் மூடிவிடலாம், சாயங்கால வெயிலும் வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். தலையாட்டினார். எனக்கு உறுத்தியது. என்னை நம்பி வீட்டைக் கொடுத்த மனிதர். ஆனால் வீட்டைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழுமலை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெருங்களத்தூர்க்காரன், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இன்னா அக்கா இது? பீரோவுக்குப் பின்னால ஒரு வூடே கீது?"

விஷயத்தைச் சொன்னேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து யோசித்தான்.

"எங்க வூட்ல இத்தப் பாத்தாங்கன்னா என் கதி இன்னாவுறது?" என்றான். ஆனால் அதற்கப்புறம் அவன் அந்த அலமாரிக்குக் காட்டின சிரத்தை, அவன் தங்கை கல்யாணத்துக்குச் செய்த கட்டிலுக்குக்கூடக் காட்டியிருக்க மாட்டான். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. நீண்ட வாய்க்காரனுக்கு அது பெரிய தவம்.

நாற்பது பலகை

ஒரே சிக்கல், சார். அலமாரியின் சட்டத்தை நிறுத்தி, பின்பலகை அடித்து மூட நான்கு நாள் வேண்டும். அந்த நான்கு நாளும் அவர் அறைக்குள் வரக் கூடாது.

அவருடைய பலவீனம் எனக்குத் தெரியும். மறைமலை நகர் பக்கம் ஒரு குடோனில் மற்ற அறைகளுக்கு நாற்பது ப்ளைவுட் பலகை எடுத்து வைத்திருக்கிறார்கள், பதினெட்டு எம்.எம். என்று சொல்லி மெலிசாகத் தள்ளிவிடுவார்கள், உங்களை மாதிரி ஒருவர் பார்த்தால்தான் ஆச்சு என்று சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மறுநாள் காலை பழைய டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தோடு மின்சார ரயில் ஏறினார். டீச்சர் வாசலில் நின்று கையசைத்தார். அந்தக் கையசைப்பைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரு தாளில் அளவுகளை எழுதிக்கொண்டு வந்தார். பதினேழு புள்ளி நாலு, பதினேழு புள்ளி ஆறு. பதினொரு பலகையை ரிஜெக்ட் செய்திருந்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் அலமாரி சுவருக்குச் சுவர் நின்றது. சார் அதற்கு முன்னால் போய் நின்றார். விரல் முட்டியால் பலகையை இரண்டு தட்டு தட்டினார். நானும் ஏழுமலையும் தரையைப் பார்த்தோம்.

"பாஸ்" என்றார்.

உரத்த ஆமென்

வீட்டுக்குத் திரும்பிய வாரம் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். பாஸ்டர் அறை அறையாகப் போய் ஜெபித்தார். பின் அறைக்கு வந்ததும் கூட வந்தவர்கள் எல்லாரும், அறை முன்னைவிட எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று வியந்தார்கள். என் கண்ணாடியின் மகிமை. ஜெபராஜ் சாரும் "ஆமா, பெரிசாயிடுச்சு" என்று சொல்லிவைத்தார்.

டீச்சருக்கு ஒரு மனக்குறை. எல்லா அறைக்கும் ஜெபம் ஆகிவிட்டது, அந்த ஒன்றுக்கு மட்டும் ஆகவில்லை. பாஸ்டரின் காதில் போய் ஏதோ சொன்னார். பாஸ்டர் குழம்பிய முகத்தோடு நான்காவது கதவின் மேல் கை வைத்து, இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிகிறதும் தெரியாததுமான எல்லா இடங்களையும் ஆசீர்வதியும் என்று ஜெபித்தார். டீச்சர் சொன்ன ஆமென் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அடுத்தபடி உரக்க ஆமென் சொன்னவர் ஜெபராஜ் சார். அன்று அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மேஜை மேல் டேப்

எட்டு மாதம் ஓடியது. டீச்சர் தினமும் உள்ளே போகிறார் என்று எனக்குத் தெரியும். கடைத்தெருவில் பார்த்தபோது முகமே மாறியிருந்தது. உள்ளே என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்பதுதானே ஒப்பந்தம்?

இப்போது சார் டேப்போடு வந்து நிற்கிறார். இடித்து அந்த இடத்தை எடுத்துக் கொடு என்று அவர் சொன்னால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது. டீச்சருக்குக் கிடைத்த ஒரே கதவு போய்விடும். அதுவும் என்னால்.

"சார், அது ஓதத்துக்காக..." என்று இழுத்தேன்.

"ஓதத்துக்கு அரை அடின்னீங்க. அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

இனிமேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. டீச்சர்தான் கேட்டார், செய்தது நான், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மட்டும் இடிக்கச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

சார் என்னை ஒரு கோணல் திருகைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இடிக்கவா? யாரு இடிக்கச் சொன்னது? எனக்கு முதல் நாளே தெரியும் மேடம். மின்வாரியத்துலேர்ந்து வந்தேன், மொசைக் தரையில ஒரு கோடு தேச்சு அழிச்சிருந்தது. உங்க கோடு வளையும். அது நேரா இருந்தது. முப்பத்தெட்டு வருஷமா எனக்கு அந்தக் கை தெரியும்."

நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"நாற்பது பலகை பாக்க நாலு நாளா ஆகும்? முதல் நாள் மத்தியானமே முடிஞ்சிடுச்சு. மீதி மூணு நாள் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சேன். சாயங்காலம் வரும்போது வாய்க்கு வந்த நாலு நம்பரை எழுதிக்கிட்டு வந்தேன். என் சர்வீஸ்ல நான் எழுதின பொய் ரீடிங் அது மட்டும்தான்."

ஏன் சார் என்று கேட்டேன்.

டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். டீச்சர் பள்ளி விட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வருவாராம். இவர் கம்பெனி பஸ்ஸில் வந்து சேர எட்டாகும். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபிறகு அந்த நாலு மணி நேரமும் வீட்டில் டீச்சர் மட்டும்தான்.

"நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் அந்த வீடு அவளோடது மேடம். ரிட்டயர் ஆனதும் அதை நான் எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டேன்னே எனக்குத் தெரியல. அந்தக் கோட்டைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

இந்த இடத்தில் என் கண் கலங்கியது. கீழே பேக்கரி அடுப்பின் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். மின்சார அடுப்பு அது, புகையே வராது. சார் அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டது அவர் எனக்குச் செய்த பெரிய சலுகை.

"அப்புறம் எதுக்கு சார் இந்த டேப்?"

"கம்ப்ளைண்ட் சொல்லும்போது இடத்தை அளவோட சொல்லணும் இல்லியா?" என்றார். கம்ப்ளைண்ட் இதுதான். நான்காவது கதவின் கீல் சத்தம் போடுகிறது. நாலு மணிக்குக் கிறீச் என்கிறது. ஹாலில் டி.வி. பார்க்கிற அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. தனக்குக் கேட்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டால் உள்ளே போவதையே நிறுத்திவிடுவார் என்று பயந்தார். "எண்ணெய் போட்டுடுங்க. நான் சொன்னேன்னு தெரியக் கூடாது."

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள காத்து வருதா மேடம்? வெளிச்சம் போதுமா? எட்டு மாசமா கேக்காம இருக்கேன்."

"வருது சார். போதும் சார்" என்றேன்.

மூன்று கதவுக்கு எண்ணெய்

மறுநாள் மதியம் இலவச சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு ஏழுமலையோடு போனேன். என் தொழில் வாழ்க்கையில் இலவச சர்வீஸ் என்ற சொல்லை நான் பயன்படுத்தியது அன்றுதான். சார் பால் வாங்கக் கிளம்பிவிட்டார். வீட்டில் மூன்று பாக்கெட் பால் இருந்ததை நான் பார்த்தேன்.

ஏழுமலை முதல் மூன்று கதவுகளுக்கு எண்ணெய் விட்டான். நான்காவதுக்குப் போனபோது டீச்சர் கதவில் சாய்ந்துகொண்டார்.

"இதுக்கு வேணாம்."

"சத்தம் போடுதாமே டீச்சர்?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். யார் சொன்னது என்று டீச்சர் கேட்கவில்லை. சிரித்தார்.

"போடட்டும். இது சத்தம் போட்டாத்தான் நான் உள்ள போயிட்டேன்னு அவருக்குத் தெரியும். உடனே டி.வி.யைக் கொறச்சுடுவார். கூப்பிட மாட்டார். சத்தம் கேக்கலேன்னா வீடு பூரா எஸ்தர், எஸ்தர்னு தேடிக்கிட்டு அலைவார், பாவம்."

அப்படியென்றால் சாருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவர் சொல்லல. நானும் சொல்லல. நீயும் சொல்லாதே" என்றார்.

மாடிப்படி இறங்கும்போது ஏழுமலை நடுப்படியில் நின்றுவிட்டான்.

"அக்கா, அப்போ யாருக்குத் தெரியக் கூடாதுன்னு நாம இத்தினி நாளா வாய மூடிகினு இருந்தோம்?"

நடடா என்றேன்.

அதற்கடுத்த நாள் நாலு மணி அடித்து ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும். ஜெபராஜ் சார் போன் செய்தார். பின்னணியில் டி.வி.யில் கிரிக்கெட் அலறிக்கொண்டிருந்தது.

"மேடம், ரொம்ப நன்றி. நல்லா பண்ணிட்டீங்க. இப்ப சத்தமே கேக்கல" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிறீச்.

டி.வி. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

"சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"பாஸ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.